பந்தல்கல்லில் வியாழன்

ராயப்பன்பட்டி
11.8.2024

அன்புத் தங்கச்சி செலினுக்கு,

அண்ணன் இன்னாசி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஆடிக் காற்றுதான் எங்களைச் சுகமாக இருக்க விடமாட்டேன் என்கிறது. நேற்று பக்கத்து வீட்டுத் தகரத்தைத் தூக்கிவந்து நம் கொல்லையில் போட்டுவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, முழங்கால் வலி இல்லாமல் ஜெபம் செய்ய முடிகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போன் இல்லாத ஆளுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் காகிதத்தில்தான் என்று உங்கள் நொவிசியேட்டில் விதி வைத்திருக்கிறார்கள். பிரித்துப் படித்துவிட்டுத்தான் கன்னியாஸ்திரி ஆகப்போகிற பிள்ளைகளிடம் கொடுப்பார்கள் என்று லேத் பட்டறை நத்தர்ஷா சொல்கிறான். உனக்கு எப்படித் தெரியும் என்றால் அதெல்லாம் பொது அறிவு என்கிறான். எதற்கும் இருக்கட்டும்: பொறுப்புச் சிஸ்டர் பிலோமினா அவர்களுக்கு என் பணிவான வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மே மாதம் போனதிலிருந்து நம் தொலைநோக்கி போர்வை போர்த்திக் கிடந்தது. ஊரடங்கில் நீயும் நானும் அதற்காக மாற்றி மாற்றித் தேய்த்த கண்ணாடி. அதை விட்டுவிட்டுப் போனாய் என்று எனக்குக் கோபம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். போன வாரம் காற்று ஓய்ந்த ஒரு மாலையில் அம்மா நிலா பார்க்க வந்தாள். நான் திருப்பி வைத்து, அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணை வைப்பதற்குள் நிலா போய்விட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி போய்விட்டது. "நான் பாக்க வந்தா மட்டும் ஓடிருது" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். மோட்டார் வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி அதுவே வானத்தோடு திரும்ப வேண்டும். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வரைக்கும் கிணற்று மோட்டார்களை போனிலேயே ஓடவிடும் ஸ்டார்ட்டர் மாட்டுகிறவன் நான். ஒரு குழாயைத் திருப்புவது என்ன கம்பசூத்திரமா என்று இறங்கினேன். கம்பசூத்திரம்தான் போலிருக்கிறது.

தாங்குவதற்குத் திராட்சைப் பந்தலில் மிச்சமான கல்தூணைக் கொல்லையில் நட்டு காங்கிரீட் போட்டுவிட்டேன். காற்று என்ன, யானை முட்டினாலும் அசையாது. பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்டெப்பர் மோட்டார் கழற்றினேன். தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு வாங்கினேன். நீ லேப்டாப்பில் பாதியில் விட்ட புரோகிராம் அப்படியே இருக்கிறது. மோட்டார் நொடிக்கு எத்தனை துடிப்பு துடிக்க வேண்டும் என்ற ஒரே ஒரு எண்தான் வேண்டும். பௌதிகம் படித்தவள் நீ, போட்டு அனுப்பு. நான் போடவிருக்கும் தாங்கியின் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உனக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அவள் நேர்ந்துகொண்டது ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்றிரண்டு பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. வருகிற மே மாதம் நீ துறவற வாக்குக் கொடுக்கிற முதல் வார்த்தைப்பாட்டுக்கு இரண்டு வேன் போதுமா, மூன்று வேண்டுமா என்று இப்போதே பேச்சு.

காற்றில் பறக்காமல் இந்தக் காகிதத்தை முழங்கையால் அமுக்கியபடி,
உன் அண்ணன் இன்னாசி


நொவிசியேட் இல்லம்
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதாவின் பிறந்தநாள் வாழ்த்துகள். நலம். அம்மாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வணக்கத்தைச் சிஸ்டர் பிலோமினாவிடம் சேர்த்துவிட்டேன்.

உன் படத்தைப் பார்த்து ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டிய அச்சை நாற்பது டிகிரிக்குத் தூக்கி வரைந்திருக்கிறாய். இன்டர்நெட்டில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் ஊருக்குச் செய்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாய். அவருக்குத் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். நமக்குப் பத்து டிகிரிகூடக் கிடையாது. நம் ஊரில் அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்க வேண்டும்.

நம் கொல்லையிலிருந்து துருவ நட்சத்திரம் தெரியாது. வடக்கே அடுத்த வீட்டுத் தென்னைகள். அதனால் அதைப் பார்த்து அச்சை நேராக்க முடியாது. வேறு வழி இருக்கிறது. தெற்கே உச்சிக்கு வரும் ஒரு நட்சத்திரத்தைக் கண் வைக்கும் வில்லையிலுள்ள குறுக்குக் கம்பியின் நடுவில் வைத்துவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, சும்மா பார். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே கூடுதலாகத் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. கொஞ்சம் திருப்பு, மறுபடி பார். நழுவாமல் நிற்கிறவரை இதுதான் வேலை. பொறுமை வேண்டும். அது உனக்குப் பிறவியிலேயே கிடையாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நீ கேட்ட எண்: மோட்டார் ஒரு சுற்றுக்கு இருநூறு அடி வைக்கும். ஒவ்வொரு அடியையும் பதினாறாக உடைக்கிறோம். பெல்ட்டில் மூன்று மடங்கு, பல்சக்கரத்தில் நூற்று நாற்பத்து நாலு. எல்லாவற்றையும் பெருக்கி ஒரு நாளின் வினாடிகளால் வகுத்தால் நொடிக்குப் பதினாறு. மீதி இல்லாமல் வருகிறது.

மே மாதத்தைப் பற்றி அம்மா ரொம்பவா பேசுகிறாள்? வேன் பேசி முடித்துவிட்டாளா? தெரிந்தால் எழுது.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
செலின்


ராயப்பன்பட்டி
20.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே விடாத மழை. சண்முகாநதி ஓடையில் தண்ணீர் வருகிறது, எனக்குச் சளி வருகிறது, மற்றபடி சுகம். அங்கே மழை உண்டா? உன் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. சிஸ்டர் பிலோமினா அவர்களுக்கும் அதையே சொன்னதாகச் சொல்லவும். வணக்கமும்.

உன் கடிதம் வருமுன்னே அடித்துவிட்ட நாற்பது டிகிரித் தாங்கியை எடைக்குப் போட்டாயிற்று. நத்தர்ஷாவிடம் படுத்த மாதிரி புதிதாக அடிக்கச் சொன்னேன். "ஒன் தொலைநோக்கியே தூங்கப் போகுதா?" என்று ஒருநாள் முழுக்கக் கேலி. ஆனால் பல்சக்கரத்தை அவன் கடைந்து கொடுத்த நேர்த்திக்கு எத்தனை கேலியும் தாங்கலாம்.

மோட்டாரை மாட்டினேன். கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டியது மேற்கிலிருந்து கிழக்கே போயிற்று. ஒரு ஜோடி ஒயரை மாற்றினால் சரியாகிவிடும் என்று தெரியும். தெரிந்தவன் என்ன செய்ய வேண்டும்? கரண்டை நிறுத்த வேண்டும். நான் ஓடும்போதே ஒயரைப் பிடுங்கினேன். மோட்டாருக்குக் கரண்ட் அளந்து கொடுக்கும் சில்லு பட்டென்று புகைந்துவிட்டது. ஊரிலுள்ள விவசாயிகளிடமெல்லாம் "மெயினை அணைக்காம கை வைக்காதீக" என்று பாடம் எடுக்கிறவன் செய்த காரியம். நத்தர்ஷாவிடம் மட்டும் இது போகக் கூடாது. புதுச் சில்லு வாங்கிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: மூன்று வேன். அம்மா தனக்கு அரக்குக் கலரில் ஒரு பட்டுப்புடவை எடுத்துவிட்டாள். வார்த்தைப்பாடு முடிந்த கையோடு எனக்குப் பெண் பார்க்கிறதாகத் திட்டம். ஆக, உன் விசேஷம் தள்ளிப்போனால் சந்தோஷப்படக்கூடிய ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான்.

மழை விடட்டும் என்று காத்திருக்கும்,
இன்னாசி


நொவிசியேட் இல்லம்
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். உன் சளி போயிற்றா?

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு வரைக்கும் எங்களுக்குக் கடிதம் எழுதவோ வாங்கவோ அனுமதி இல்லை. ஆகவே பதில் வரவில்லை என்று அம்மா கவலைப்பட வேண்டாம்.

சில்லுக்கு மேல் அலுமினியத் துண்டு ஒன்று ஒட்டு, சூடு குறையும்.

புடவை அரக்குக் கலரா? அம்மாவுக்கு எடுப்பாக இருக்கும். எடுத்த கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று சும்மா கேட்கிறேன். இல்லை, கேட்கவில்லை. விட்டுவிடு.

அன்புடன்,
செலின்


ராயப்பன்பட்டி
12.1.2025

அன்புத் தங்கச்சி செலினுக்கு,

புது வருட வாழ்த்து. நான் சுகம், அம்மா சுகம், மழை போய் வானம் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. சிஸ்டர் பிலோமினா அவர்களுக்கும் புது வருட வாழ்த்து, வணக்கம்.

இரண்டு செய்தி. முதல் செய்தி: ஓடுகிறது. போனில் வியாழன் என்று தொட்டால் மோட்டார் முனகிக்கொண்டே போய் வியாழனில் நிற்கிறது. முதல் தடவை நின்றபோது கொல்லையில் தனியாக நின்று கைதட்டினேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

இரண்டாவது செய்தி: நிற்க மாட்டேன் என்கிறது. குறுக்குக் கம்பியில் வியாழனை வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தன் அகலத்துக்கு நகர்ந்துவிட்டிருக்கிறது. வடக்கேயும் இல்லை, தெற்கேயும் இல்லை; மேற்கே. அப்படியென்றால் அச்சு சரி, வேகம்தான் தப்பு. நீ கொடுத்த எண்ணைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு மணி நேரத்தால் வகுத்திருக்கிறாய்.

செலின், நட்சத்திரத்தின் நாள் நம் நாளைவிட நாலு நிமிடம் சின்னது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். மாடிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தாய், இன்னும் இருக்கிறது. நான் தப்பாகப் போட்டிருந்தால் அது இயற்கை. நீ போட்டிருக்கிறாய் என்றால் கணக்குப் போடும்போது உன் மனசு அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு நாங்கள் உன்னைப் பார்க்க வந்தோமே, மரத்தடியில் பத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். அம்மா புடவையைப் பிரித்துக் காட்டினாள். நல்லா இருக்கும்மா என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. உன் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். உன்னைப் பற்றி அவற்றில் இருப்பது 'நலம்' மட்டும்தான். நலமாக இருக்கிறவள் அப்படி எழுத மாட்டாள். சோறு நல்லா இல்லை என்று அரைப் பக்கம் எழுதுவாள்.

உனக்கு என்ன செய்கிறது? எண்ணை அப்புறம் அனுப்பு, இதற்கு முதலில் பதில் எழுது.

கவலையோடு,
அண்ணன்


நொவிசியேட் இல்லம்
2.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதினால் திட்டுவாய். உடம்பு நலம்.

தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு. பதினாறு அல்ல, பதினாறோடு 0.044 சேர்த்துக்கொள். மீதி இல்லாமல் வந்ததால் சரியென்று விட்டுவிட்டேன். எல்லாம் அழகாகப் பொருந்தி வந்தால் யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை.

நீ கேட்ட கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். என்னை நெருக்காதே அண்ணே.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதன் பிறகு உயிர்ப்புப் பெருவிழா வரைக்கும் கடிதம் கிடையாது. உயிர்ப்பு முடிந்தால் மே வந்துவிடும்.

செலின்


ராயப்பன்பட்டி
16.2.2025

செலினுக்கு,

சுகம் விசாரிப்பெல்லாம் இந்த ஒரு தடவை கிடக்கட்டும். சிஸ்டர் பிலோமினா அவர்களே, இதை நீங்கள் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை, வணக்கம்.

நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறாய். அதுதானே? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. மூன்று பக்கம் வேண்டாம்.

இல்லை என்றால் நான் வாயை மூடிக்கொண்டு மூன்று வேனையும் நானே முன்னால் நின்று ஏற்றி அனுப்புகிறேன். ஆம் என்றால் பஸ் ஏறி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீ அங்கே கிடந்து தவிக்கிறாய், நான் இங்கே போல்ட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றால், அதுதான் எனக்கு ஆகாது.

சாம்பல் புதனுக்குள் எழுது.

இன்னாசி


நொவிசியேட் இல்லம்
2.3.2025

அன்பு அண்ணே,

ஆம்.

எழுதிவிட்டேன். எழுதியதும் கை லேசாக இருக்கிறது, மீதியையும் எழுதிவிடுகிறேன். இங்கே யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் நல்லவர்கள். என்னோடு இருக்கிற பிள்ளைகள் ஜெபத்தில் உட்கார்ந்தால் முகம் தெளிந்து எழுந்து வருகிறார்கள். நான் கண்ணை மூடினால் எனக்குக் கேட்பது அம்மாவின் குரல்தான். ஆண்டவர் உன்னைக் கூப்பிட்டார் என்று சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லிச் சொல்லி, அந்தக் குரலை நான் அழைப்பு என்று நினைத்திருக்கிறேன். இங்கே வந்து அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. எனக்கு நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்த வேண்டும். சாயங்காலம் கொல்லையில் உன்னோடு சண்டை போட வேண்டும்.

ஆனால் வர முடியாது. நேர்ந்துகொண்டது அம்மா. நான் வந்தால் உடைவது அவள் வாக்கு. இத்தனை வருடமும் அவள் கோயிலுக்குள் தலை நிமிர்ந்து போனது அந்த ஒன்றுக்காகத்தான். மூன்று வேன் பேசிவிட்டு, நாளைக்கு அதே தெருவில் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அதைப் பார்ப்பதைவிட நான் இங்கேயே இருந்துவிடுவேன். இருந்தால் பழகிவிடும்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. சத்தியம் செய்.

உன் தங்கச்சி,
செலின்


ராயப்பன்பட்டி
15.3.2025

செலினு,

ஒங்கம்மா சவரியம்மா எழுதுறேன். சொல்றது நானு, எழுதுறது ஒங்கண்ணன். நாஞ் சொன்னத அப்புடியே எழுதணும், அழகுபடுத்தப்படாதுன்னு சொல்லிப்புட்டேன். தவக்காலத்துல ஒனக்குக் கடுதாசி தரமாட்டாகளாம். அதேன் பெரிய சிஸ்டரு பேருக்குப் போட்டு, நீங்களே படிச்சுக் காட்டுங்கன்னு அனுப்பச் சொன்னேன். சிஸ்டர் அம்மா, கோவிச்சுக்காதீக.

நல்லா இருக்கியா ஆத்தா? நான் நல்லா இருக்கேன்.

ஒங்கண்ணன் மேல கோவப்படாத. அவன் வாயத் தொறக்கல. மூணு நாளா எம் மூஞ்சியப் பாக்காம அந்தக் கல்லுகிட்டயே நின்னு எதையோ முடுக்குறதும் கழட்டுறதுமாத் திரிஞ்சான். நாந்தேன் போயிக் கேட்டேன், "செலினு வரணுங்குறாளா?"ன்னு. கையில இருந்தத கீழ போட்டுட்டான். அதுலயே தெரிஞ்சு போச்சு.

எனக்குக் கிறிஸ்மஸுக்கே தெரியும். எம் பலகாரத்துல குத்தஞ் சொல்லாம நீ தின்ன மொத நாளு அதுதேன். சேலையக்கூட ஒம் மூஞ்சியப் பாக்கத்தேன் பிரிச்சேன். நீ சேலையப் பாத்த, என்னயப் பாக்கல. வீட்டுக்கு வந்து படுத்தா ஒறக்கம் வரல. அன்னையிலருந்து தெனமும் கோயில்ல முழங்கால் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன், குடுத்தத திருப்பிக் கேக்குறது அசிங்கந்தேன் ஆண்டவரே, ஆனாலும் கேக்குறேன்னு. வெளிய சொல்ல வெக்கம். ஒனக்கு அங்கனயே இருக்கப் புடிச்சிருந்தா நான் கூப்புட்டுக் கெடுத்துப்புடுவேனோன்னும் பயம். அதேன் வேனு, சேலைன்னு இன்னும் கூடப் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ எனக்காக இருந்திருக்க. நான் ஒனக்காகப் பேசாம இருந்திருக்கேன். நல்ல கூத்து.

நம்ம கோயிலு சாமியாரப் போயிக் கேட்டேன், நேந்தது பாவமாயிருமான்னு. "நீங்க குடுத்தீக, அவளும் போயி மனசார இருந்து பாத்தா. ஆண்டவர் கடன்காரர் மாதிரி வாசல்ல வந்து நிக்க மாட்டாரு"ன்னு சொன்னாக. எனக்கு மனசு ஆறல. நேந்தது எவ் வாயி, அப்ப ஒழைக்க வேண்டியது எங் கையி. சனிக்கெழமைக்குச் சனிக்கெழம கோயிலக் கூட்டிக் கழுவுறேன்னு ஒத்துக்கிட்டேன். இன்னைக்குக் கழுவிட்டுத்தேன் வந்து ஒக்காந்து இதச் சொல்றேன். ஊரு ரெண்டு நாளைக்குப் பேசும். மூணா நாளு திராச்ச வெட்டப் போயிரும்.

ஒண்ணே ஒண்ணுதேன் என்னயப் போட்டு அறுக்குது. கோம்பைப் பக்கம் சாமிக்குக் கெடா வெட்டுறத நீ பாத்திருப்ப. மேல மஞ்சத்தண்ணியத் தெளிச்சுட்டு நிப்பாக. அது ஒடம்பச் சிலுப்புனாத்தேன் சம்மதம்னு அர்த்தம். சிலுப்பலைன்னா எம்புட்டு நேரமானாலும் காத்துக்கிட்டு நிப்பாக. ஒரு கெடாகிட்டயே கேக்குறாக. நான் ஒங்கிட்ட ஒருநாளும் கேக்கல ஆத்தா.

இப்பக் கேக்குறேன். வீட்டுக்கு வாரியா?

ஒங்கம்மா


நொவிசியேட் இல்லம்
22.3.2025

அன்புள்ள திரு. இன்னாசி அவர்களுக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. உங்கள் தாயாரின் முழங்கால்கள் நலமா? கோயில் தரையைக் கழுவுவதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

தவக்கால விதி பயிற்சியில் இருக்கும் நவகன்னியருக்குத்தான், எனக்கில்லை. எனவே எழுதுகிறேன். உங்கள் தாயாரின் கடிதத்தைச் செலினுக்கு நானே படித்துக் காட்டினேன். மஞ்சள் தண்ணீர் வரும் இடத்தில் முதலில் சிரித்தாள். பிறகு என் மடியில் தலையை வைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். சமையற்கட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டு, சாம்பாரில் புளி போதாது என்று சொன்னாள். பத்து மாதத்தில் இந்த இல்லத்தின் சமையலைப் பற்றி அவள் சொன்ன முதல் கருத்து அது. அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது. இவள் எதையோ விழுங்கிக்கொண்டு இருக்கிறாள் என்று தெரியும். அவளாகச் சொல்லாமல் நான் சொல்லக் கூடாது.

இந்த இல்லம் பிள்ளைகளைப் பிடித்து வைப்பதற்கு இல்லை, தெரிந்துகொள்வதற்கு. தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவளும் எனக்கு நல்ல பிள்ளைதான். உங்கள் தாயாரின் கேள்விக்குப் பதில்: வருகிறாள். அடுத்த சனிக்கிழமை காலையில் வாருங்கள். மூன்று வேன் தேவைப்படாது.

பின்குறிப்பாக ஒன்று. நான் யாருடைய கடிதத்தையும் பிரித்துப் படிப்பதில்லை. ஆனாலும் உங்கள் ஒவ்வொரு கடிதத்தின் வணக்கமும் செலின் மூலம் தவறாமல் வந்து சேர்ந்தது. அத்தனைக்கும் சேர்த்து இப்போது என் வணக்கம். உங்கள் நண்பர் நத்தர்ஷா அவர்களிடமும் இதைச் சொல்லவும்.

கிறிஸ்துவில்,
சிஸ்டர் பிலோமினா


ராயப்பன்பட்டி
27.4.2025

பாசமுள்ள சிஸ்டர் அம்மாவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். உங்கள் ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது, மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? என்னோடு இருந்த பிள்ளைகளை மே மாத வார்த்தைப்பாட்டில் வந்து பார்க்க வேண்டும். அம்மாவும் வருவாளாம், அரக்குப் புடவையில். எடுத்த புடவை வீணாகக் கூடாதாம்.

நான் நலம். இந்தத் தடவை இந்தச் சொல்லை நீங்கள் நம்பலாம்.

ஊரைப் பற்றிப் பயந்துகொண்டே வந்து இறங்கினேன். அம்மா சொன்னதில் ஒரு நாள் தப்பு. மூன்று நாள் பேசினார்கள். பிறகு ஒரு அக்கா வந்து தன் மகளுக்குப் பௌதிகம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை அம்மா விளக்குமாற்றோடு கிளம்பியபோது நானும் கூடப் போனேன். கோயில் வாசலில் என் கையைத் தட்டிவிட்டாள். "இது எங் கணக்கு, நீ வெளிய ஒக்காரு" என்றாள். உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது, பாட்டும் கேட்டது. அவள் பாடி நான் கேட்டு வருடங்கள் ஆகின்றன.

அண்ணனின் தொலைநோக்கியைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். எண்ணைத் திருத்திய பிறகும் இலேசாகத் தெற்கே நழுவிக்கொண்டிருந்தது. தாங்கியை ஒருநாள் அண்ணன் கழற்றி மாட்டியதில் அச்சு கிழக்கே போயிருந்தது. ஏன் கழற்றினாய் என்றால், அம்மா வந்து கேட்ட அன்று கையில் என்ன இருந்தது என்று நினைக்கிறாய் என்கிறான். இரண்டு பேரும் மாலை மாலையாகச் சண்டை போட்டு, தலைமுடி அளவு திருப்பித் திருப்பிச் சரிசெய்தோம். துருவம் இன்னும் எங்கள் கண்ணில் படவில்லை. தென்னைக்குப் பின்னால் அது பாட்டுக்கு இருக்கிறது.

முந்தாநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், மேற்கே மலைக்கு மேல் வியாழன் தெரிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டோம். அவள் வர மாட்டேன் என்றாள். அது தனக்கு மட்டும் ஓடிவிடும் என்று பழைய புகார். அண்ணன் போனைத் தொட்டான், மோட்டார் முனகிப் போய் நின்றது. அம்மா வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், முந்தானையில் துடைத்தாள், மடித்து இடுப்பில் செருகினாள், மெதுவாகக் குனிந்தாள். அவ்வளவு நேரமும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கண்ணை வைத்தாள். பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி தெரியும், அவை அதன் நிலாக்கள் என்றேன். தெரிகிறது என்று கையைக் காட்டினாள். போதும், மற்றவர்களும் பார்க்கட்டும் என்றான் அண்ணன். நகரவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தாள், அது பொங்கும் வாசனை வந்தது. அதற்கும் நகரவில்லை. நான் ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு வந்தேன். அப்போதும் ஒரு கை பந்தல்கல்லைப் பிடித்தபடி குனிந்தே நின்றாள்.

நான் வந்து நிற்கும் அரவம் கேட்டதும், கண்ணை எடுக்காமலே மற்றக் கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடல" என்றாள். "இங்கனதேன் இருக்கு."

என்றும் உங்கள் நன்றியுள்ள,
செலின்